மேயரை விட அதிக ஓட்டு வாங்கினார், ஆனால் துணை மேயர்! நேபாளத் தேர்தல் சட்டத்தின் ஒரே ஒரு வாக்கியம்

[திரையில்: 61,767 | 68,612]

இந்த இரண்டு எண்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2022 மே மாதம், காத்மாண்டு மாநகராட்சித் தேர்தல். எல்லோரும் பாலேன் என்று கூப்பிடும் ராப் பாடகர் பாலேந்திர ஷா சுயேச்சையாக நின்று மேயராக ஜெயித்தார். உலகமே அவரைப் பற்றிப் பேசியது. அவர் வாங்கிய ஓட்டு 61,767. அதே நாளில், அதே ஓட்டுச்சீட்டில், இன்னொருவர் 68,612 ஓட்டு வாங்கினார். பெயர் சுனிதா டங்கோல். மேயரை விட ஏறக்குறைய ஏழாயிரம் ஓட்டு அதிகம். அவர் துணை மேயர் ஆனார்.

கணக்கில் தவறு ஒன்றும் இல்லை. நேபாளத்தில் மேயருக்கும் துணை மேயருக்கும் மக்கள் தனித்தனியாக ஓட்டுப் போடுகிறார்கள். என் கேள்வி அதற்கு முந்தையது. சுனிதா டங்கோல் நின்றது நேபாளக் கம்யூனிஸ்ட் கட்சி (யூஎம்எல்) சார்பில். அதே கட்சி மேயர் பதவிக்கு நிறுத்திய ஆண் வேட்பாளர் மூன்றாவது இடத்துக்குப் போனார். இவ்வளவு ஓட்டு வாங்கக்கூடிய ஒரு பெண் கையில் இருக்கும்போது, கட்சி அவரை எந்த இடத்தில் நிறுத்தியது, ஏன்? இந்த வீடியோ முழுக்க அதுதான்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்டுகளின் போர். ஆயுதம் ஏந்தியவர்களில் பெண்கள் நிறைய பேர். போர் முடிந்து ஐ.நா. குழு சரிபார்த்த 19,602 போராளிகளில் 3,846 பேர் பெண்கள். 2008-ல் மன்னராட்சி போனது. அந்த ஆண்டு அமைந்த அரசியல் நிர்ணய சபையில் 601 பேரில் 197 பெண்கள். 2015-ல் புதிய அரசியலமைப்பு. சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

2017-ல் புதிய அமைப்பின் கீழ் முதல் உள்ளாட்சித் தேர்தல். மொத்தம் 753 உள்ளாட்சிகள், 6,743 வார்டுகள். அந்த ஓட்டுச்சீட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள்.

[திரையில்: விரித்துவைத்த ஓட்டுச்சீட்டு, மேலிருந்து]

மேசை விரிப்பு மாதிரி ஒரு தாள். சூரியன், மரம், அரிவாள் சுத்தியல் என்று சின்னங்கள் வரிசையாக. கையில் ஒரு ஸ்வஸ்திக் முத்திரை. ஒரு வாக்காளர் ஏழு முறை குத்த வேண்டும்: மேயர், துணை மேயர், வார்டு தலைவர், பெண் உறுப்பினர், தலித் பெண் உறுப்பினர், பொது உறுப்பினர்கள் இரண்டு பேர். இதில் ஐந்தாவது குத்து எனக்கு மிகவும் பிடித்தது. நாட்டின் ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண்ணுக்கென்று ஒரு கட்டம், சட்டத்திலேயே எழுதப்பட்டு, தாளிலேயே அச்சாகி இருக்கிறது. எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் முத்திரை குத்தித்தான் ஓட்டு முழுமை அடையும். அந்தத் தேர்தலில் 6,567 தலித் பெண்கள் உள்ளே வந்தார்கள். மீதி 176 இடங்கள் வேட்பாளர் இல்லாமல் காலியாக நின்றன.

மொத்தமாக 35,041 பேர் தேர்வானார்கள். பெண்கள் 14,352 பேர், 41 சதவீதம். தெற்காசியாவில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் கை தட்டத் தோன்றும். நானும் தட்டினேன். அப்புறம் பதவி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்.

[திரையில்: 700 / 753. அடுத்து: 18 / 753]

நகரத்தில் மேயர், கிராமத்தில் தலைவர்; இனி இரண்டையும் சேர்த்துத் தலைவர் என்றே சொல்கிறேன். துணைத் தலைவர்கள் 753 பேரில் பெண்கள் 700. தலைவர்கள் 753 பேரில் பெண்கள் 18. வார்டு தலைவர்களில் பெண்கள் ஒரு சதவீதம் கூட இல்லை!

காரணம் சட்டத்தில் இருந்த ஒரு வரி. தலைவர், துணைத் தலைவர் இரண்டு பதவிக்கும் ஒரு கட்சி வேட்பாளர் நிறுத்தினால், இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். எந்த ஒருவர் என்று சட்டம் சொல்லவில்லை. நாடு முழுவதும் கட்சிகள் பெண்ணை இரண்டாவது இடத்தில் வைத்தன. வார்டு தலைவர் பதவிக்கு அந்த மாதிரி விதியே கிடையாது. அங்கே என்ன நடந்தது என்பதைத்தான் இப்போது பார்த்தோம். இந்தியாவின் 73-வது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளிலேயே மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. நேபாளச் சட்டம் எழுதியவர்கள் அந்த இடத்தில் கட்சிகளை நம்பிவிட்டார்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளமாகப் போகும், இருந்து கேளுங்கள்.

அந்தத் துணைத் தலைவருக்கு என்ன வேலை? கௌரவப் பதவி என்று நினைத்தால் தவறு. அரசியலமைப்பின் 217-வது பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மூன்று பேர் கொண்ட நீதிக் குழு அமைத்து, அதற்குத் துணைத் தலைவரைத் தலைவராக வைக்கிறது. நேபாளியில் அதற்கு நியாயிக் சமிதி என்று பெயர். அதாவது 2017-ல் ஒரே ஆண்டில் 700 பெண்கள், பெரும்பாலும் சட்டம் படிக்காதவர்கள், ஊரின் நியாயம் கேட்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள்.

என்னென்ன வழக்கு வரும் என்று 2017-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 47-வது பிரிவைத் திறந்து பாருங்கள். சட்டப் புத்தகம் படிக்கிற மாதிரியே இருக்காது, ஒரு ஊரையே சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கும். வரப்புத் தகராறு. வாய்க்கால் தகராறு, யாருக்கு எப்போது தண்ணீர் என்பது. மாடு பயிரை மேய்ந்தது. மேய்ச்சல் நிலம், புல், விறகு. கூலி கொடுக்காதது. காணாமல் போன ஆடு மாடு. பக்கத்து வீட்டுக்கு இடைஞ்சலாக மரம் வைத்தது. என் கூரைத் தண்ணீர் உன் வீட்டு மேல் விழுவது, அதுவும் இருக்கிறது!

அந்தக் கூரைத் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மலைச் சரிவில் வீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் மேல் வீட்டுத் தகரக் கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீர் கீழ் வீட்டு மண் சுவரின் அடியை அரிக்கும். இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட நீதிமன்றத்துக்கு மலை இறங்கிப் போய், வக்கீல் வைத்து, வருடக்கணக்கில் நடக்க யாரிடம் காசு இருக்கிறது? பாலிகா, அதாவது உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தால் போதும். ஒத்துப் போனால் இரண்டு பேரும் மிலாபத்ர என்கிற சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ஒத்துப் போகாவிட்டால் இந்த வகை வழக்கில் குழுவே தீர்ப்புச் சொல்லலாம். பிடிக்காதவர் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

அதே பட்டியலில் இன்னொரு வகை உண்டு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சோறு, துணி, படிப்புச் செலவு கொடுக்காத கணவன். வயதான பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள். ஒரு பெண் இதை வெளியே சொல்ல வருகிறாள். எதிரில் உட்கார்ந்து கேட்பவரும் ஒரு பெண். காவல் நிலையப் படி ஏறத் தயங்குகிறவள் இங்கே வந்துவிட முடிகிறது. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஆய்வாளர்கள் காட்டும் இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டேன். சட்டப் பயிற்சி குறைவு, உதவிக்கு ஆள் குறைவு. அடி வாங்கி வந்த பெண்ணிடமும் "சரி, சேர்ந்து வாழப் பாருங்கள்" என்று மிலாபத்ர எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம். வரப்புத் தகராறுக்குச் சமாதானம் நல்லது. அடிக்கு அது நல்லதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இங்கே சைரா தாமாங் என்ற அரசியல் ஆய்வாளரைச் சொல்லாமல் போக முடியாது. 'நேபாளப் பெண்' என்று ஒரே அச்சில் ஒருத்தி இயல்பாக இருக்கவில்லை, பஞ்சாயத்து ஆட்சி என்று அழைக்கப்பட்ட, கட்சிகள் இல்லாத மன்னராட்சிக் காலத்துச் சட்டங்களும் வளர்ச்சித் திட்டங்களும் சேர்ந்து அந்த உருவத்தைச் செய்தன என்று அவர் எழுதினார். அந்த உருவம் மலைப்பகுதியின் உயர்சாதி இந்துக் குடும்பத்துப் பெண்ணுடையது. ஜனஜாதி என்கிற பழங்குடிகள், தெற்குச் சமவெளியின் மாதேசிகள், தலித்துகள், இவர்களின் பெண்கள் அதற்குள் காணாமல் போனார்கள். ஓட்டுச்சீட்டின் ஐந்தாவது கட்டம் அதற்கு ஒரு பதில் மாதிரி இருக்கிறது. ஆனால் வார்டில் பணமும் முடிவும் வார்டு தலைவர் கையில். தலித் பெண் உறுப்பினருக்குச் சபையில் ஓட்டு உண்டு, தனக்கென்று எழுதிவைத்த வேலை இல்லை.

அப்படியானால் ஐந்து வருடம், துணைத் தலைவர் பொறுப்பிலேயே வரும் பட்ஜெட் குழுவையும் நீதிக் குழுவையும் நடத்திய அந்த 700 பேரும் 2022-ல் தலைவர் பதவிக்கு நின்றிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அந்தத் தேர்தலில் தலைவர் ஆன பெண்கள் 25 பேர். துணைத் தலைவர்களில் பெண்களின் பங்கோ முக்கால்வாசி அளவுக்கு இறங்கியது.

[திரையில்: கூட்டணி → ஒரு கட்சிக்கு ஒரு வேட்பாளர்]

என்ன ஆனது? அந்த வரியில் ஒரு நிபந்தனை இருந்தது: ஒரு கட்சி இரண்டு பதவிக்கும் ஆள் நிறுத்தினால்தான் விதி பொருந்தும். 2022-ல் கட்சிகள் கூட்டணி வைத்தன. தலைவர் ஒரு கட்சிக்கு, துணைத் தலைவர் இன்னொரு கட்சிக்கு. ஆளுக்கு ஒரு வேட்பாளர், அதனால் விதி யாரையும் தொடவில்லை. இரண்டு பேரும் ஆண்களாக நின்ற ஊர்கள் அப்படித்தான் வந்தன. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

2025 செப்டம்பரில் இளைஞர் போராட்டத்துக்குப் பிறகு சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமர் ஆனார், நாட்டின் முதல் பெண் பிரதமர். முன்பு முதல் பெண் தலைமை நீதிபதியாக இருந்தவரும் அவர்தான். கட்சி சீட்டு வாங்கி வந்தவர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2027-ல் வர வேண்டும். அதற்குள் அந்த நிபந்தனையை எடுப்பார்களா, தலைவர் பதவியிலேயே ஒதுக்கீடு வருமா, உங்கள் கணிப்பைக் கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். வேட்புமனு தொடங்கும் வாரத்தில் இதே ஓட்டுச்சீட்டோடு, முதல் இரண்டு கட்டங்களில் எந்தெந்தப் பெயர்கள் என்று பார்க்க, மறுபடி வருகிறேன்.