'மன்' என்ற ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் புறநானூறு நடத்துகிறேன். போர்ப் பாட்டு என்றதும் மாணவர்கள் முதலில் பாட்டின் வகையான திணையையும் அதன் உட்பிரிவான துறையையும் மனப்பாடம் செய்கிறார்கள். தும்பை, தானைமறம். பொதுவியல், கையறுநிலை. மதிப்பெண் கிடைத்துவிடும். பாட்டு கிடைக்காது.

ஏற்காடு மலைக்கு வடக்கே இருக்கும் தருமபுரி 1965 வரை நம் சேலம் மாவட்டம்தான். அன்றைய தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடிய இரண்டு பாட்டுகளைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

87ஆம் பாட்டில் எதிரிகளை எச்சரிக்கிறார்: களத்துக்கு வராதீர்கள். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் எங்கள் வீரன். எவ்வளவு பெருமிதம்!

அப்புறம் 235. அந்த வீரன் மார்பில் வேல் பாய்ந்துவிட்டது. இப்போது ஔவைக்குத் தேரும் சக்கரமும் நினைவுக்கு வரவில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். 'நரந்தம் நாறும் தன்கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே.' மணக்கிற கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கையை ஊடுருவி, புலவர் நாவில் போய் விழுந்ததாம். ஒருவன் செத்தால் யார் யார் பட்டினி கிடப்பார்கள் என்ற கணக்கு அது.

ஒவ்வொரு நினைவும் 'மன்னே' என்றே முடிகிறது. இலக்கண வகுப்பில் 'மன்' என்பது கழிவுப் பொருள் தரும் இடைச்சொல் என்போம். முன்பு இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான்.

இதைச் சொன்ன அன்று, இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். இங்கேயே பிறந்த பெண். "எங்கட அம்மம்மாவும் இப்பிடித்தான் ஐயா. கிணறு இருந்தது, மாமரம் நிண்டது, ரெண்டு மாடு நிண்டது எண்டு சொல்லிக்கொண்டே இருப்பா."

வகுப்பில் சத்தமே இல்லை. நான் புத்தகத்தை மூடாமல் அந்தப் பாட்டை முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தேன்.