மலிவான தேயிலை மேல் வந்த கோபம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை பலருக்கும் தெரிந்ததுதான். லண்டன் வரியை ஏற்றியது, அதன் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்றங்கள் கொதித்தெழுந்தன என்றுதான் பெரும்பாலும் சொல்லுவார்கள். ஆனால் அந்த 1773-ஆம் ஆண்டில் தேயிலை வரி ஏறவே இல்லை. விலையோ குறைய இருந்தது. பிறகு ஏன் அந்தக் கோபம்?

பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தது. வென்றது பிரிட்டன்தான், ஆனால் கடன் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அமெரிக்காவில் நிற்கும் படையின் செலவில் ஒரு பங்கை அங்குள்ளவர்களே தரட்டும் என்றார் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில். லண்டனில் இருந்து பார்த்தால் இது நியாயமாகத்தான் படும். 1765-இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், உரிமம், செய்தித்தாள், ஏன், சீட்டுக்கட்டுக்குக்கூட வரி! வரியின் சுமை முதலில் விழுந்தது வக்கீல்கள் மேலும் அச்சகக்காரர்கள் மேலும். பேசத் தெரிந்தவர்களையும் எழுதத் தெரிந்தவர்களையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டது, என்னைக் கேட்டால், பெரிய அசட்டுத்தனம்.

எங்கள் சட்டசபை போடும் வரியைக் கட்டுகிறோம். நாங்கள் ஆள் அனுப்பாத நாடாளுமன்றம் எங்கள் பணத்தில் கைவைக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குடியேற்றக்காரர்களின் வாதம். வாதத்தோடு நிற்கவில்லை. பாஸ்டனில் முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையை மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் பதவியே வேண்டாம் என்றுவிட்டார். மற்ற இடங்களிலும் அப்படியே. நவம்பர் 1-ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முத்திரைத்தாள் விற்க அநேகமாக ஆளே இல்லை. 1766-இல் சட்டம் ரத்தானது. ஆனால் அன்றைக்கே, எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்த எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றி வைத்துக்கொண்டது.

அந்த அதிகாரத்தைக் காட்டத்தான் 1767-இல் கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு வரி போட்டார்கள். பிரிட்டிஷ் சரக்கை வாங்குவதில்லை என்று வியாபாரிகள் ஒப்பந்தம் செய்தார்கள், பெண்கள் வீட்டிலேயே நூல் நூற்றார்கள். 1770-இல் மற்ற வரிகள் போயின. தேயிலைக்கு ராத்தலுக்கு, அதாவது சுமார் அரைக் கிலோவுக்கு, 3 பென்ஸ் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள்.

இப்போது கிழக்கிந்தியக் கம்பெனி உள்ளே வருகிறது. அதன் கிடங்குகளில் சுமார் 1.7 கோடி ராத்தல் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. 1773-ஆம் ஆண்டுச் சட்டம், கம்பெனியே அமெரிக்காவுக்கு நேராக அனுப்பி, தான் தேர்ந்தெடுத்த ஆட்கள் மூலம் விற்க வழிசெய்தது. ஹாலந்திலிருந்து கடத்தி வந்த தேயிலையோடு போட்டி போடும் விலை. மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் அந்த 3 பென்ஸையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். எதிர்த்தவர்கள் எல்லோரும் கொள்கைக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். கள்ளக்கடத்தலில் காசு பார்த்தவர்களும் அதில் உண்டு. வங்காளத்தில் 1770-இல் பஞ்சம் வந்தபோது இதே கம்பெனி நடந்துகொண்ட விதமும் அங்கே பேசப்பட்டது.

பாஸ்டனில் தேயிலையைப் பெற்று விற்கக் கம்பெனி நியமித்தவர்களில் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் மகன்கள் இருவர். முத்திரைச் சட்டத்தை ஹட்சின்சன் தனிப்பட்ட முறையில் விரும்பியவர் அல்லர். ஆனாலும் 1765-இல் ஒரு கூட்டம் அவர் வீட்டைச் சூறையாடியிருந்தது. மனிதர் இம்முறை அசையவில்லை. வரி கட்டாமல் கப்பல் திரும்பக்கூடாது என்றார். பிலடெல்பியாவில் கப்பல் சரக்கோடு திரும்பிப் போனது. பாஸ்டனில் டிசம்பர் 16 இரவு, 3 கப்பல்களில் இருந்த 342 பெட்டி சீனத் தேயிலை தண்ணீரில் விழுந்தது.

பதிலுக்குத் துறைமுகத்தை மூடினார்கள். 1775-இல் போர் மூண்டது. வட அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் இனி வருவாய்க்காக வரி போடமாட்டோம் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது 1778-இல். தேயிலையின் 3 பென்ஸும் போயிற்று. சமாதானம் பேச ஆட்களும் வந்தார்கள். அதற்குள் பிரான்சு அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்துவிட்டது. எங்கள் சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளுங்கள், இல்லை படையைத் திருப்பி அழையுங்கள், பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டது அமெரிக்கக் காங்கிரஸ்.

நன்றி, வணக்கம்.