காற்றில் பூக்காத வெங்காயம்

நேயர்களுக்கு வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் உணவகத் தொழில் கற்றுக்கொடுக்கும் கல்லூரியில் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றவள் நான். மாணவர்களுக்குப் பொரிக்கக் கற்றுக்கொடுத்தவளிடம், பொரிக்காமல் பொரிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவதற்கு ஒரு வெங்காயத்தையும் கொண்டுவந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு பண்டம் உண்டு. பெரிய வெங்காயத்தை வேர்முனை அறுந்துபோகாமல் மேலிருந்து கீழாகக் கீறி, பூப்போல விரித்து, மாவில் புரட்டி, முழுதாக எண்ணெயில் இறக்கிப் பொரிப்பார்கள். நடுவில் ஒரு கிண்ணம் சாஸ் வைத்துக் கொண்டுவருவார்கள். ஆளுக்கொரு இதழாகப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். அவுட்பேக் ஸ்டேக்ஹவுஸ் என்ற உணவகத் தொடர் 1988ஆம் ஆண்டு ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் தொடங்கியது. அந்தக் கடையின் அடையாளமே 'ப்ளூமின் ஆனியன்' என்ற இந்த வெங்காயப் பூதான். கடையின் அலங்காரமெல்லாம் ஆஸ்திரேலியா, தொடங்கியவர்கள் அமெரிக்கர்கள். சுவரில் கங்காரு படம் இருந்தாலும் பூ அமெரிக்கப் பூதான்.

இதைச் சாப்பாட்டுக்கு முந்தைய சிறு பண்டங்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். பசியைத் தூண்டுவதற்காம். சாஸோடு சேர்த்தால் ஒரு முழுப் பூ 1,500 கலோரியைத் தாண்டும். பசியைத் தூண்டுவதற்கு வந்த தட்டு பசியை அடக்கம் செய்துவிட்டுத்தான் போகும். இருபதோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரிக் கணக்கை உணவுப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்ற விதி 2018 மே மாதம் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்த்தபின்தான் பலர் கையை இழுத்துக்கொண்டார்கள் என்று என் மகள் சொல்வாள். அவள் அங்கே வசிக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஓர் ஏர் ஃபிரையர் வாங்கிக் கொடுத்தாள். கூடவே வந்த பேரன், "பாட்டி, இதில் அந்த வெங்காயப் பூவைச் செய்து தாருங்கள்" என்றான்.

அதற்கென்ன என்று உட்கார்ந்தேன். வெங்காயத்தைக் கீறினேன். கையோடு வந்த பழக்கம், பஜ்ஜிக்குக் கரைப்பதுபோல் மாவைக் கரைத்து ஊற்றினேன். கூடைக்குள் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து இழுத்துப் பார்த்தால், மாவெல்லாம் கூடையின் ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கித் தட்டில் தோசையாகிக் கிடக்கிறது. ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாக வெங்காயத்தின் மேல் காய்ந்திருந்தது. பேரன் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பூ இல்லை பாட்டி, புற்று" என்றான். நான் கற்றுக்கொடுத்த மாணவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்று முழுவதும் பாத்திரம் தேய்க்க விட்டிருப்பேன்.

ஏன் அப்படி ஆனது என்று சொல்லிவிட்டுச் செய்முறைக்குப் போகிறேன்.

ஏர் ஃபிரையர் என்ற பெயரில் பொரிப்பு இருக்கிறதே தவிர, அந்தப் பெட்டிக்குள் பொரிப்பு இல்லை. மேலே ஒரு சூடேற்றும் கம்பி, அதற்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. பேக்கரியில் இருக்கும் ஓவனைச் சுருக்கிச் சமையல் மேடைக்கு ஏற்றியதுபோல. ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் இதை அறிமுகப்படுத்தி, 'ஏர்ஃபிரையர்' என்று பெயர் சூட்டியது. பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். 'சின்ன ஓவன்' என்று பெயர் வைத்திருந்தால் இத்தனை வீடுகளுக்குள் நுழைந்திருக்குமா?

180 டிகிரி சூட்டில் இருக்கும் ஓவனுக்குள் கையை நுழைத்துத் தட்டை எடுக்கிறோம். காற்று சுடுகிறது, ஆனால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அதே 180 டிகிரியில் இருக்கும் எண்ணெயில் விரல் நுனி பட்டாலும் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சூடு ஒன்றுதான், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேகம் வேறு. பஜ்ஜி மாவு எண்ணெயில் விழுந்த நொடியில் வெளித்தோல் இறுகிவிடுகிறது. காற்றில் அது இறுகுவதற்குள் வழிந்துவிடுகிறது. ஆகவே கரைத்த மாவு இந்தப் பெட்டிக்கு ஆகாது. இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

இனி எண்ணெய்க் கணக்கு. பண்டம் எண்ணெயில் இருக்கும்போது 'சொய்' என்று குமிழி வருகிறதல்லவா, அது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுவது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே எளிதில் நுழைய முடியாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் எடுத்த உடனே வடியவிட வேண்டும் என்று வகுப்பில் தொண்டை வலிக்கக் கத்துவேன். வெங்காயப் பூவை எண்ணிப் பாருங்கள். பதினாறு கீற்று, ஐந்து அடுக்கு என்று வைத்தாலும் எண்பது இதழ். ஒவ்வொன்றும் குழிந்த ஒரு குட்டிக் கரண்டி. எண்பது கரண்டியில் மாவு, எண்பது கரண்டியில் எண்ணெய். அந்த அழகான உருவமே எண்ணெய் குடிப்பதற்காகச் செய்ததுபோல் இருக்கிறது.

ஏர் ஃபிரையரிலோ அதே உருவம் எதிரியாகிவிடுகிறது. எண்ணெய் எல்லா இடுக்கிலும் புகும். காற்று அப்படிப் புகாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் நுனிகள் கருகும்போது நடுப்பகுதி இன்னும் பச்சை மாவாக இருக்கும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர் வேறு. அந்த நீராவி நடுவில் மாட்டிக்கொண்டு மேல்பூச்சைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். எண்ணெயே இல்லாமல் கடைச் சுவை அப்படியே வரும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நான் செய்வது என்னவென்றால், பூவை விட்டுவிட்டு இதழை எடுத்துக்கொள்வது. உதிர்த்த இதழாகச் செய்தால் காற்று ஒவ்வொன்றையும் சுற்றி வரும். எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளலாம், மெதுவாகவே சொல்கிறேன்.

பெரிய பல்லாரி வெங்காயம் இரண்டு, ஒவ்வொன்றும் 150 கிராம் இருக்கட்டும். உரித்து, நெடுக்காக ஆறு துண்டாக வெட்டி, அடுக்கடுக்காகப் பிரித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சின்னக் குருத்துகளைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. இதழ்களை ஐஸ் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நம் சிவப்பு வெங்காயத்தின் காட்டம் அதில் கொஞ்சம் இறங்கும். பிறகு துணியில் பரப்பி நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் மேற்பூச்சு கழன்றுவரும்.

அடுத்தது பிரெட் தூள். வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நான்கு துண்டு பிரெட்டைக் காயவைத்து, கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். மாவாக்கிவிடாதீர்கள், பொடி ரவையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஜப்பானியர்களின் பாங்கோ தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. ரஸ்க்கைப் பொடிக்கலாமா என்று கேட்பார்கள். ரஸ்க்கில் சர்க்கரை இருக்கிறது, வேகமாகக் கருகும், நான் போடுவதில்லை. இந்தத் தூளில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி, வாணலியில் சிறு தீயில் ஐந்து நிமிடம் வறுத்து, பாதி நிறம் வந்ததும் இறக்கிவிடுங்கள். மொத்தச் செய்முறைக்கும் எண்ணெய் இவ்வளவுதான். ஆனால் இது வேண்டும். பொன்னிறத்தையும் வாசனையையும் வாணலியிலேயே பாதி கொடுத்துவிடுகிறோம். மீதி வேலையைக் காற்று செய்தால் போதும். எண்ணெய் படாத மைதா அந்தப் பெட்டிக்குள் எத்தனை நேரம் இருந்தாலும் திருநீறு பூசியதுபோல்தான் வெளியே வரும்.

ஒரு தட்டில் மைதா நான்கு மேசைக்கரண்டி, சோள மாவு இரண்டு மேசைக்கரண்டி, காஷ்மீர் மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூளும் பூண்டுத்தூளும் அரை அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. இன்னொரு கிண்ணத்தில் ஒரு முட்டையை இரண்டு மேசைக்கரண்டி பாலோடு அடித்துக்கொள்ளுங்கள். முட்டை சேர்க்காத வீடுகளில், அந்த மாவுக் கலவையிலிருந்தே மூன்று கரண்டி எடுத்து, மோர் பதத்தைவிடச் சற்றுக் கெட்டியாகத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். முட்டை அளவுக்குப் பிடிமானம் இருக்காது, ஆனால் காரியம் நடக்கும்.

இதழை மாவில் புரட்டி, தட்டி உதறுங்கள். முட்டையில் தோய்த்து, சொட்டவிட்டு, பிரெட் தூளில் அழுத்துங்கள். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை தூளுக்கு என்று வைத்துக்கொண்டால் விரலெல்லாம் போண்டாவாகாது. எல்லாம் முடிந்ததும் தட்டோடு கால் மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அவசரக்காரர்கள் தாண்டிக் குதிக்கும் இடம் இதுதான். மாவு ஈரத்தை இழுத்துப் பசைபோல் பிடித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். இல்லாவிட்டால் விசிறி சுழல ஆரம்பித்ததும் தூள் பறக்கும்.

ஏர் ஃபிரையரை 180 டிகிரியில் நான்கு நிமிடம் வெறுமனே ஓடவிட்டுச் சூடாக்குங்கள். இதழ்களை ஒரே அடுக்காக, ஒன்றோடொன்று முட்டாமல் பரப்புங்கள். ஐந்து நிமிடம், திருப்பிப் போட்டு மேலும் மூன்று நிமிடம். பெட்டிக்குப் பெட்டி சூடு மாறும், ஆகவே முதல் தடவை ஆறாவது நிமிடத்திலேயே ஒரு கண் வையுங்கள். மூன்று தவணையாகப் போட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குவித்தால் அவித்த வெங்காயம் கிடைக்கும்.

கலோரி கேட்பவர்களுக்கு: இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 240 கலோரி. வெங்காயம், மாவு, முட்டை, பிரெட் எல்லாவற்றையும் கூட்டினாலும் 900க்குள் அடங்கும். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 225. லேசு என்று சொல்லலாம். பத்தியச் சாப்பாடு என்று சொல்ல மாட்டேன்.

சாஸ் இல்லாமல் இது முழுமையாகாது. அமெரிக்கக் கடைகளில் மயோனைஸில் தக்காளி கெச்சப், மிளகாய், குதிரைமுள்ளங்கி என்ற காரக் கிழங்கு எல்லாம் கலப்பார்கள். அந்தக் கிழங்கின் மூக்கில் ஏறும் காரத்துக்கும் நம் கடுகின் காரத்துக்கும் மூலப்பொருள் ஒன்றுதான். ஆகவே தேடி அலைய வேண்டாம். ஒரு தேக்கரண்டி கடுகைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரைத்து, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் காரம் எழாது; காரத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் செத்துவிடும். வடிகட்டிய கெட்டித் தயிர் அரைக் கிண்ணம், கெச்சப் ஒரு மேசைக்கரண்டி, அரைத்த கடுகு, கொஞ்சம் மிளகாய்த்தூள், உப்பு. மயோனைஸ் ஆசை விடாதவர்கள் ஒரு கரண்டி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் பார்க்கவில்லை.

பூவாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பேரப்பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்காக: 250 கிராமுக்குக் குறையாத வெங்காயமாகப் பாருங்கள். தாள்முனையைச் சீவி, அந்த வெட்டுப்பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து வைத்து, வேர்முனைக்கு ஒரு விரல்கடை விட்டுக் கீறுங்கள். பதினாறு வேண்டாம், பத்துப் பன்னிரண்டு கீற்று போதும். ஐஸ் தண்ணீரில் இரண்டு மணி நேரம் போட்டால் தானாக விரியும். இதழின் உட்புறச் சதை நீரைக் குடித்து உப்பும். வெளிப்புறத் தோல் அந்த அளவுக்கு நீளாது. அதனால் இதழ் வெளியே வளைகிறது. கவிழ்த்து வைத்து வடியவிட்டு, முன்பு சொன்ன மூன்று பூச்சையும் இதழ் இதழாகக் கொடுங்கள். 170 டிகிரியில் இருபது நிமிடம். பாதியில் நுனி சிவந்தால் அலுமினியத் தாளால் மூடலாம், ஆனால் விளிம்பைப் பூவுக்கு அடியில் இறுக்கி மடித்துவிடுங்கள். தளர்வாக விட்டால் காற்று அதைத் தூக்கிக் கம்பியில் ஒட்டவைத்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தாலும் நடுவில் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். அதற்காக யாரும் அழ வேண்டியதில்லை.

பேரன் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் இரண்டையும் செய்து வைத்தேன். பூவைப் படம் எடுத்துக்கொண்டான். இதழ்களைத் தின்று தீர்த்தான். தனியே எடுத்து வைத்த குருத்துகள் மறுநாள் காலை வத்தக்குழம்பில் விழுந்தன.

வணக்கம்.