நாற்காலி வந்துவிட்டது, அதற்கப்புறம்?

அன்பான நேயர்களுக்கு வணக்கம். நான் சேலம் அம்மாப்பேட்டையில் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். தசைச்சிதைவு நோய் காரணமாகப் பல வருடங்களாக எனக்கு நடமாட்டம் எல்லாம் பேட்டரி வீல்சேரில்தான். வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டவர்கள் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் நாற்காலியை ஓட்டிப் பராமரிக்கிற செலவைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன். கணக்கு டீச்சர் வேறென்ன பேசுவாள்?

வீட்டுக்கு வருகிறவர்கள் என் நாற்காலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, "கரண்டு பில் எகிறிடாதாம்மா?" என்றுதான். எகிறாது. என் நாற்காலியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடர் இணைப்பில் 24 வோல்ட். ஒவ்வொன்றும் 35 ஆம்பியர்-அவர். 24ஐ 35ஆல் பெருக்கினால் 840 வாட்-அவர். ஆயிரம் வாட்-அவர்தான் கரண்டு பில்லில் வருகிற ஒரு யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், அடியோடு தீர்ந்த பேட்டரியை நிரப்ப ஒரு யூனிட், மிஞ்சிப்போனால் ஒன்றேகால். மின்சாரத்துக்குப் பயந்து யாரும் வீல்சேர் வாங்காமல் இருக்க வேண்டாம்.

பயப்பட வேண்டியது அந்தப் பேட்டரிக்கு. என்னுடையதைப் போன்ற காரீய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியும். தகரக் கொட்டகைக்கு அடியில் நாற்காலியை நிறுத்தி, அங்கேயே சார்ஜ் போடுகிறவர்களுக்கு இரண்டு வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி ஒன்றரை வருடத்தில் கைவிரிக்கும். வெளியே போகவில்லையே என்று சார்ஜ் போடாமல் வாரக்கணக்கில் விட்டாலும் இதே கதிதான். தீர்ந்த நிலையில் கிடக்கும் பேட்டரித் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய தூரம் வராது.

கடையில் இன்னொன்று சொல்வார்கள்: "ஒண்ணுதான் போயிருக்கு, ஒண்ண மட்டும் மாத்திக்கலாம்." கேட்க லாபமாகத்தான் இருக்கும். ஆனால் தொடர் இணைப்பில் சார்ஜர் பார்ப்பது இரண்டின் மொத்த வோல்ட்டை. பழையதும் புதியதும் சமமாக ஏறாது, ஓடும்போது பழையது முதலில் வற்றும். இப்படி ஓடினால் புதியதும் சீக்கிரமே கெடும். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். பழைய கார் பேட்டரியைப் போட்டு ஓட்டலாம் என்கிற யோசனையும் வேண்டாம். இஞ்சினைக் கிளப்பச் சில நொடி பலமாக மின்சாரம் தரச் செய்தது அது. மணிக்கணக்கில் மெதுவாக வற்றி நிரம்புகிற வேலைக்கு ஆனதல்ல. போதாததற்கு, சாய்ந்தால் அமிலம் கொட்டும்.

அமிலம் கூழாக இருக்கிற, கொட்டாத வகைக்கு ஜெல் பேட்டரி என்று பெயர். நல்ல ஜெல் பேட்டரி ஜோடி நான் வாங்கிய விலைக்கு 14,000 ரூபாய். வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. சக்கர நாற்காலிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே நாற்காலிக்குப் பேட்டரியைத் தனியாக வாங்கப் போனால், கடைக்காரருக்கு அது வெறும் பேட்டரி. 2025 செப்டம்பர் வரை 28 சதவீதம், இப்போது 18. நாற்காலியை ஒரு தடவை வாங்குகிறோம், பேட்டரியைத் திரும்பத் திரும்ப வாங்குகிறோம். அதிக வரி எதன்மேல் விழுகிறது பாருங்கள். லித்தியம் பேட்டரி எடை குறைவு, நாளும் கூட வரும். ஆனால் கைமுதல் அதிகம், சார்ஜரும் அதற்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும்.

பேட்டரி தவிர்த்தவை சில்லறைச் செலவுகள்தான், ஆனால் விடாமல் வரும். எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்காத பொழுது குறைவு. அந்தத் தறி நூல், தலைமுடி எல்லாம் சேர்ந்து முன்சக்கரத்து அச்சில் சுற்றிக்கொள்ளும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. சக்கரம் இறுகும், பேரிங் தேயும், இழுக்கிற மோட்டார் கூடுதல் மின்சாரம் தின்னும். வாரம் ஒருநாள் நாற்காலியைச் சாய்த்துப் பிளேடால் நூலை அறுத்து எடுத்தால் பேரிங் செலவு பாதி மிச்சம். நெருஞ்சி முள் பஞ்சருக்குச் சைக்கிள் கடை போதும்; பல நாற்காலிகளின் டியூப் அளவு சின்னப் பிள்ளைகள் சைக்கிளோடு ஒத்துப்போகும். நாற்காலியை ஓட்டுகிற கைப்பிடிக்கு ஜாய்ஸ்டிக் என்று பெயர். மழையில் அது நனையாமல் பாருங்கள். அதன் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி எல்லாம் போச்சு. உறை சில நூறு ரூபாய். ஜாய்ஸ்டிக்கையும், மோட்டாரை இயக்குகிற மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரையும் சேர்த்து மாற்றச் சொன்னால் நாற்காலி விலையில் ஐந்தில் ஒரு பங்கு கேட்பார்கள்.

நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. விசைத்தறி ஊர் என்பதால் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்தால் கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்றை எடுத்து அரத்தால் ராவிப் பொருத்திவிடுவார்கள். லேத்துப் பட்டறையில் புஷ் கடைந்து தருவார்கள். இவர்கள் கை வைக்கத் தயங்குவது கன்ட்ரோலரில் மட்டும்தான். அதில் பழுது வந்தால் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். எத்தனை முறை சிமிட்டினால் என்ன பழுது என்பது விற்றவருக்குத்தான் தெரியும், நமக்குக் கையேடு தரமாட்டார்கள். பெட்டியைக் கழற்றிச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2022ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். மின் சக்கர நாற்காலி செய்கிறவர்கள் உதிரிப் பாகம், கையேடு, பழுது பார்க்கும் மென்பொருள் எல்லாவற்றையும் உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் கொடுத்தாக வேண்டும். இங்கே அப்படி ஒன்று வந்தால் முதலில் மகிழ்பவர் எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன்தான்.

இந்தக் காத்திருப்புதான் பில்லில் வராத பெருஞ்செலவு. நாற்காலி நின்றுவிட்டால் அம்மா என்னைத் தூக்க வேண்டும், அவருக்கும் வயதாகிறது. பேங்க் வேலை என்றால் தம்பி ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும். ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள நாற்காலி பஸ்ஸில் ஏறாது, லோடு ஆட்டோ பிடித்தாக வேண்டும். பத்து ரூபாய் ஒயர் விட்டுப்போனதற்கு ஆட்டோவுக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். அதனால்தான், கையால் தள்ளுகிற பழைய நாற்காலி வீட்டில் இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அம்மாப்பேட்டையில் இருக்கிற எனக்கே இப்படி என்றால் ஏற்காட்டில் இருக்கிறவரை நினைத்துப் பாருங்கள். காபித் தோட்டக் குடியிருப்பில் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். பழுதென்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டும், வண்டி வாடகை ஏறவும் உண்டு, இறங்கவும் உண்டு. மேடு ஏறும்போது மோட்டார் மின்சாரத்தை வாரிக் குடிப்பதால் சமவெளியில் ஓடுகிற தூரத்தில் பாதிகூட அங்கே ஓடாது. இன்னொரு வினோதம்: இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் வீட்டை விட்டதும் சரிவில் இறங்கினால், மோட்டார் பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பும். நிரம்பிய பேட்டரியில் அதற்கு இடமில்லை. வோல்ட் எகிறி, சில கன்ட்ரோலர்கள் நடுவழியில் நாற்காலியை நிறுத்திவிடும். கெட்டுப்போச்சு என்று உடனே கீழே தூக்கி வர வேண்டியதில்லை. பெரும்பாலும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். சரிவில் நிற்கும்போது மட்டும் மோட்டாரை விடுவிக்கிற லீவரைத் தொடவே தொடாதீர்கள். அதைத் திருப்பினால் பிரேக்கும் சேர்ந்து விட்டுப்போகும்.

இப்போது என் நோட்டுக் கணக்கு. ஐந்து வருடத்துக்குப் பேட்டரி இரண்டு ஜோடி, 28,000. ஜாய்ஸ்டிக், கன்ட்ரோலர் ஒரு தடவை, 14,000. டயர், டியூப், பேரிங் 8,000. சார்ஜர் 3,500. கார்பன் பிரஷ், கூரியர், லோடு ஆட்டோ எல்லாம் ஏழாயிரத்துக்கு மேல். ஆகக்கூடி அறுபதாயிரத்துச் சொச்சம், மாதம் ஆயிரம் ரூபாய். 70,000 ரூபாய் நாற்காலிக்கு இது. என்னைப் போன்றவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது; பெரிய உதவிதான். அதில் பாதி நாற்காலிக்கே போகிறது, மீதியில் நான் மருந்து வாங்குகிறேன்.

கையால் தள்ளும் நாற்காலிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2008ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரித்து, எட்டாவது படியாகப் பின்தொடர்ந்து பார்ப்பது, பராமரிப்பு, பழுதுபார்ப்பு என்று எழுதினார்கள். மோட்டார் இல்லாத நாற்காலிக்கே அப்படி.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி வீல்சேர் வழங்க நினைக்கும் சங்கங்களுக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்து நாற்காலிக்கு ஏழு லட்சம் வைத்திருந்தால், எட்டு கொடுங்கள். மிச்சம் 1,40,000. அதில் எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி பேட்டரி, 1,12,000. அதை இன்றைக்கே வாங்கி அடுக்காமல், இரண்டு வருடம் கழித்து வாங்கப் பேங்கில் போட்டு வையுங்கள். பாக்கி 28,000ஐ, வீட்டுக்கே வந்து பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் பேசி முடியுங்கள். அந்த எட்டுப் பேரில் மலை மேல் யாராவது இருந்தால் மெக்கானிக் அங்கே போய்வரும் பஸ் கட்டணத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். விற்கிறவரிடம் கன்ட்ரோலர் கையேட்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பத்து பேர் கேட்டால் தரமாட்டார்கள், லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குகிறவர் கேட்டால் தருவார்கள்.

நன்றி, வணக்கம்.