18 வயதுக்குப் பிறகு யார்?

நேயர்களுக்கு வணக்கம். பெற்ற குடும்பத்தில் வளர முடியாத குழந்தையை வேறொரு குடும்பம் தற்காலிகமாகப் பொறுப்பேற்று வளர்ப்பதை வளர்ப்புப் பராமரிப்பு என்கிறோம். பல நாடுகளில் அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் இந்த ஏற்பாடு சட்டப்படி முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் சில ஆண்டுகளைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

பெற்றோருடன் வளரும் பிள்ளைகள் ஒரே நாளில் வீட்டைவிட்டுப் போய்விடுவதில்லை. படிக்கப் போனவர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள். வேலை போனால் சில மாதம் வந்து தங்குகிறார்கள். சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகும் மாதக் கடைசியில் அம்மாவிடம் கைமாற்று கேட்கிறார்கள். அதை யாரும் தோல்வியாகக் கருதுவதில்லை. ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட முறை வீடு மாறிய பிள்ளையிடம் மட்டும், பிறந்தநாளன்றே சொந்தக் காலில் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009ஆம் ஆண்டு வரவேற்று வெளியிட்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுநெறிகள், பிள்ளை வெளியேறுவதற்கு வெகு முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும் என்றும், இயன்ற வரையில் ஒவ்வொருவருக்கும் துணைநிற்க அதற்கென ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம், இளைஞரும் வளர்ப்புப் பெற்றோரும் விரும்பினால் 21 வயது வரை அதே வீட்டில் தொடர்ந்து வாழ வழிசெய்தது.

ஆயத்தம் என்றவுடன் சமையலும் துணி துவைப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவை தேவைதான், எப்படியும் கற்றுக்கொள்ளக்கூடியவையும்கூட. பிள்ளைகள் உண்மையில் தடுமாறுவது விண்ணப்பப் படிவங்களுக்கு முன்னால். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் எதை எழுதுவது? அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் கேட்டால், குழந்தைப் பருவத்தை அறிந்தவர் அருகில் இல்லாத இளைஞரால் என்ன சொல்ல முடியும்? ஆகவே பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள், மருத்துவப் பதிவுகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சேகரித்து, அவர் பெயரில் வங்கிக் கணக்கும் தொடங்கிக் கொடுப்பது, எந்தப் பிரிவுபசார விழாவையும்விட மேலானது.

பணத்தைக் கையாளும் பயிற்சியும் வளர்ப்பு வீட்டில் இருக்கும்போதே நடக்க வேண்டும். ஒரு மாதச் செலவுக்கான தொகையை மொத்தமாகக் கொடுத்து, முதல் வாரத்திலேயே அது கரைந்துபோனாலும் கடிந்துகொள்ளாமல் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதே நல்ல பாடம். வெளியே தனியாக இதே தவறு நேர்ந்தால், அதன் விலை வாடகை வீடாக இருக்கும்.

சிலர் எந்த உதவியும் வேண்டாம் என்று மறுக்கலாம். அதிகாரிகளும் கோப்புகளும் தம் வாழ்வைத் தீர்மானித்துவந்த அலுப்பு அதில் இருக்கக்கூடும். அதை நன்றியின்மை என்று எண்ணிக் கதவைச் சாத்திவிடாமல், பிறகு மனம் மாறிக் கேட்டாலும் அதே உதவி கிடைக்கும் வகையில் விதிகள் அமைய வேண்டும்.

வெளியேறும் நாளுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும், நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பாய் என்று கேட்க வேண்டும். சம்மதம் தெரிவித்த ஒருவரின் பெயர் விடையாகக் கிடைக்கும் வரை, அந்தக் கோப்பை மூட எந்த அதிகாரியும் கையெழுத்திடக் கூடாது என்பது என் கருத்து. நன்றி, வணக்கம்.