பாட்டு வராதவர்களின் கிறிஸ்துமஸ்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸ் ஆராதனையின் அர்த்தம் நமக்குப் பிடிபடுவது மகிழ்ச்சியிலா, துன்பத்திலா என்பது தலைப்பு. துன்பத்தில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி என்றுதானே தேவதூதன் சொன்னான், அங்கே அழுகைக்கு என்ன வேலை?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் தம்பி, வசனத்தைப் பாதியிலிருந்து வாசித்துவிட்டீர்கள். லூக்கா இரண்டாம் அதிகாரம், பத்தாம் வசனம். தூதன் முதலில் சொன்னது "பயப்படாதிருங்கள்". நிம்மதியாகத் தூங்குகிறவனை எழுப்பி யாராவது அப்படிச் சொல்வார்களா? ராத்திரி முழுக்க மந்தைக்குக் காவல் இருந்து, நடுங்கிப் போனவர்களிடம் சொன்ன வார்த்தை அது.

மத்தேயுவிலும் இதே கதைதான். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் வந்ததும் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அடுத்த சில வசனங்களிலேயே யோசேப்பு ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. இங்கே பெத்லகேமில் ஏரோது ராஜா இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்கிறான். தன் பிள்ளைகளுக்காக அழும் தாய் ராகேல் "ஆறுதலடையாதிருக்கிறாள்" என்று வேதம் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்காக மேற்கத்தியத் திருச்சபை ஒதுக்கிய நாள் டிசம்பர் 28. பண்டிகை முடிந்து மூன்றே நாள்! கொண்டாட்டம் மட்டும்தான் நோக்கம் என்றால், கொஞ்சம் தள்ளி வைத்திருக்க மாட்டார்களா?

சரி, நம்பிக்கைக்கு வருவோம். டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகரை 1943 ஏப்ரலில் ஹிட்லரின் அரசு பிடித்து, பெர்லினில் டேகல் சிறையில் போட்டது. அந்த நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறை அறை திருவருகைக் காலத்தை, அதாவது கிறிஸ்துமஸுக்கு முன்னால் காத்திருக்கும் நாட்களை, போலவே இருக்கிறது என்றார். காத்திருக்கிறோம், நம்புகிறோம், எதையோ செய்துகொண்டிருக்கிறோம். கதவோ பூட்டிக் கிடக்கிறது, வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பது அதன் சாரம். 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

"அப்போ அந்த நம்பிக்கை தோற்றுவிட்டதே" என்று எதிரணியில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. விடுதலை கிடைத்துவிடும் என்று அவர் ஜோசியம் சொல்லவில்லையே. கதவுக்கு வெளியே ஒருவர் இருக்கிறார் என்பதை உள்ளே இருந்துகொண்டு நம்பினார். கதவெல்லாம் திறந்து கிடக்கிற வீட்டில் உட்கார்ந்து நாம் அதைப் பாடும்போது, வார்த்தை வருகிறது, வலி வருவதில்லை.

இப்போது என் கதை. அம்மா நவம்பரில் தவறிப்போனார். அந்த வருடம் நள்ளிரவு ஆராதனைக்குப் போனேன், ஏன் போனேன் என்று இன்றும் தெரியாது. முதல் பாட்டிலேயே தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அக்கா. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். வரிக்குக் கீழே விரலை வைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரத்தில் வெடித்த நகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சுருதி சுத்தமாகச் சேரவில்லை, அது வேறு விஷயம். என் பங்கையும் சேர்த்து அவரே பாடினார். அன்பே பெரியது என்று கொரிந்தியர் நிருபத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது எனக்குப் புரிந்தது அந்த விரலைப் பார்த்த இரவில்தான்.

எதிரணிச் சகோதரி, "துக்கத்தில் இருப்பவர் ஆலயத்துக்கே வரமாட்டார்" என்றார். உண்மைதான், பலர் வருவதில்லை. அதனால்தான் சில சபைகளில் டிசம்பர் 21-ஐ ஒட்டி, வட பாதி உலகின் மிக நீண்ட இரவில், அவர்களுக்கென்றே ஓர் ஆராதனை வைக்கிறார்கள். ஆர்ப்பாட்டமான பாட்டு இல்லை. மெழுகுவத்தி, ஜெபம், நிறைய மௌனம். அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பு எழுதும்போது எங்கள் இரண்டு அணியையும் பார்க்காதீர்கள். இந்த அரங்கின் கடைசி வரிசையில், எல்லோரும் கைதட்டும்போது தட்டாமல் உட்கார்ந்திருக்கிற யாரையாவது பார்த்து எழுதுங்கள். நன்றி, வணக்கம்.