வெள்ளிக்கிழமைக்கு என்ன மிஞ்சுகிறது?

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தொடக்கப் பள்ளியில் ஒரு வாரம் எப்படிப் போக வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பாடவேளையைப் பற்றி என்றால் சுலபமாகப் பேசிவிடலாம். ஓர் ஆண்டைப் பற்றி என்றாலும் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வாரத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. பாடவேளைக்குக் குறிப்பு எழுதுகிறோம், ஆண்டுக்குத் திட்டம் போடுகிறோம். வாரத்துக்கு? சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது வாரக் கணக்கில்தான் என்பது என் கட்சி. திங்கட்கிழமை தொட்டதைச் செவ்வாயும் வியாழனும் திரும்பத் தொட்டு, வெள்ளிக்கிழமை அதை வைத்துப் பிள்ளை தானாக ஏதாவது செய்ய முடிந்தால் அது நல்ல வாரம். அப்படி இல்லாமல் திங்கள் வண்ண தினம், செவ்வாய் மாறுவேடம், புதன் களிமண், வியாழன் பொம்மலாட்டம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடினால் படங்கள் நன்றாக வரும். பிள்ளையிடம் மிஞ்சுவது கொஞ்சம்தான். செயல்பாடுகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். பிடிப்பதால்தான் அவற்றை இப்படி வீணடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

எல்லாருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பயறு முளைக்க வைப்பது. ஒரு டம்ளரில் ஈரப்பஞ்சு, அதன்மேல் நாலு பச்சைப்பயறு. முளைத்தது, கை தட்டினோம், படம் எடுத்தோம், முடிந்தது. இதையே ஒரு வாரத்துக்கு இழுத்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை ஒரு டம்ளருக்குப் பதிலாக இரண்டு வையுங்கள். ஒன்று ஜன்னல் ஓரத்தில், இன்னொன்று கதவை மூடிய அலமாரிக்குள். பயறு, பஞ்சு, தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவு. அலமாரியை மூடுவதற்கு முன் ஒரு கேள்வி: வெள்ளிக்கிழமை எது உயரமாக இருக்கும்? கை தூக்கச் சொல்லி, பெயர்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்காமல் விட்டுவிடுங்கள். கிட்டத்தட்ட எல்லாரும் ஜன்னல் பக்கம்தான் சேருவார்கள். செடிக்கு வெயில் வேண்டும் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்!

மறுநாளே வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும். தண்டு எழும்பியதிலிருந்து தினமும் ஒரு வேலை. தண்டின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, அடியில் கிழமையை எழுதி, சார்ட்டில் வரிசையாக ஒட்ட வேண்டும். ஜன்னல் செடிக்குப் பச்சைக் காகிதம், அலமாரிச் செடிக்கு மஞ்சள். அளவுகோல் பிடிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்யும். அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தால், வெள்ளிக்கிழமை அந்தச் சார்ட்டில் ஒரு பட்டை வரைபடம் நிற்கும். வரைபடம் என்ற சொல்லை அதுவரை சொல்லியிருக்கவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பார்த்தால், அலமாரிச் செடிதான் உயரம். வெளிறிய மஞ்சளாக, மெலிந்து, வளைந்து நிற்கும். ஜன்னல் செடி குட்டையாக, பச்சையாக, விறைப்பாக இருக்கும். "டீச்சர், நீங்க மாத்தி வெச்சிட்டீங்க" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். நல்லது. மாறவில்லை என்று எப்படி நிரூபிப்பது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். தினமும் ஒட்டிய பட்டைகள் சாட்சிக்கு இருக்கின்றன.

காரணம் இதுதான். விதையின் இரண்டு பருப்புகளுக்குள் சாப்பாடு இருக்கிறது. முதல் சில நாட்களுக்கு அதுவே போதும், வெளிச்சம் இல்லாமலே வளர்ந்துவிடலாம். மண்ணுக்குள் புதைந்த விதை எப்படியாவது வெளிச்சத்தை எட்ட வேண்டும். அதனால் இருட்டில் இருக்கும் முளை, கையிருப்பையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்கிறது. பச்சையமோ அகன்ற இலையோ அப்போதைக்கு அதற்குத் தேவையில்லை. வெளிச்சம் பட்ட முளை நீளுவதைக் குறைத்துக்கொண்டு இலை விரிக்கிறது. இரண்டையும் அப்படியே தொடர விட்டால், கையிருப்பு தீர்ந்ததும் அலமாரிச் செடி சாய்ந்துவிடும். செடிக்கு வெயில் வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னதில் தப்பில்லை. எதற்கு வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இந்த ஒரே வேலைக்குள் ஊகம், அளவை, வரைபடம், வாதம் எல்லாம் வந்துவிட்டன. தினமும் பத்து நிமிடம் போதும். இதையே ஒரு நாளில் முடித்திருந்தால் ஈரப்பஞ்சு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

செயல்பாட்டுக் கல்வி என்று இப்போது சொல்வதெல்லாம் புதிதில்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞரும் கல்விச் சிந்தனையாளருமான ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சு வேலை பார்த்தார்கள். அங்கே நடந்த ஒரு வேலையை அவரே விவரித்திருக்கிறார். பிள்ளைகளிடம் பருத்திக் காயைக் கொடுத்து, கொட்டையிலிருந்து பஞ்சைக் கையால் பிரிக்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து பிரித்தும் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம்கூடத் தேறவில்லை. ஆட்டு ரோமத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே, இயந்திரம் வருவதற்கு முன் அவர்களுடைய முன்னோர் ஏன் பருத்தியைவிட்டுக் கம்பளியை உடுத்தினார்கள் என்பது அவர்களுக்கு விரல் நுனியிலேயே விளங்கிவிட்டது. பஞ்சு பிரித்தது பொழுதுபோக்கு அல்ல, அதற்குப் பின்னால் ஒரு வரலாற்றுக் கேள்வி காத்திருந்தது. எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது என்று அதே டூயிதான் பிற்காலத்தில் எச்சரித்தார். அவர் பெயரைச் சொல்லிப் பள்ளி நடத்துகிறவர்கள் இந்தப் பாதியை ஏனோ வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, ஏன் வாரம் முழுக்கப் பரப்ப வேண்டும்? ஒரே நாளில் நன்றாக ஊன்றிச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதியைப் பற்றி அவர் கண்டதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதில் வேறொரு கணக்கு. ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை படித்ததற்குக் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 தடவை படித்ததற்கே கிடைத்துவிட்டது. பொருளற்ற அசையும் பிள்ளைகளின் பாடமும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது என்பதை அதற்கப்புறம் வந்த ஆய்வுகள் மறுபடியும் மறுபடியும் உறுதிசெய்திருக்கின்றன.

கணக்குப் பாடத்தில் இது எப்படி இருக்கும்? 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிடுகிறோம். கவனக்குறைவே கிடையாது. இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. பிள்ளை ஒரு விதியை உண்டாக்கி, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. விதிதான் தப்பு.

இதைத் திருத்த வாரம் வேண்டும். திங்கட்கிழமை குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. "எனக்கு 27 கொடு" என்று கேளுங்கள். இரண்டு கட்டு வந்துவிடும். அப்புறம் ஏழு குச்சி வேண்டும், உதிரியாக இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டின் ரப்பர் பேண்ட் அவிழும். பன்னிரண்டு உதிரியிலிருந்து ஏழு உங்கள் கைக்கு வரும். மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி. மறுநாள் குச்சி இல்லாமல் கட்டுகளைப் படமாக வரைந்து செய்யட்டும். புதன்கிழமை இதைத் தொடவே வேண்டாம், கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கொஞ்சம் மறக்கட்டும். வியாழக்கிழமை எண்கள் மட்டும். வெள்ளிக்கிழமை 35 என்ற தப்பான விடையைக் கரும்பலகையில் நீங்களே எழுதி, "இப்படிப் போட்டவர் என்ன நினைத்திருப்பார்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை அந்தத் தப்பைப் பண்ணுவது அரிது.

நீங்கள் பேசாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1974-இல் எழுதினார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுவார், அடுத்த பிள்ளையிடம் போவார், இல்லையென்றால் தானே சொல்லிவிடுவார். மூன்று விநாடியாவது காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசின. பைசா செலவில்லாத சீர்திருத்தம். ஆனால் வகுப்பில் நின்றுகொண்டு மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

வாரத் தேர்வு பற்றிப் பெற்றோர்கள் சிலர் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். மதிப்பெண்ணுக்கான வாரத் தேர்வு ஏழு வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லவைப்பது தேவை. ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து அவர்களைத் தாண்டிவிட்டார்கள். தொடக்கப் பள்ளியில் இதைச் செய்ய வினாத்தாள் வேண்டாம். "நேற்று கதையை எங்கே நிறுத்தினோம்?" என்று கேட்டாலே ஆகிவிடும். கதையை ஒரே நாளில் முடிக்காமல், ஐந்து நாளுக்குத் துண்டு போட்டு வாசித்துக் காட்டச் சொல்வது இதற்காகத்தான். நேற்று வராத பிள்ளைக்கு ஆசிரியர் சொல்லக்கூடாது, வந்த பிள்ளைகள் சொல்லட்டும். சொல்வதெழுதுதலுக்கும் அந்தக் கதையிலிருந்தே வார்த்தைகளை எடுங்கள்.

விளையாட்டு வேளை பற்றி ஒரே வரி: பாடம் முடியவில்லை என்று அதைப் பறிக்காதீர்கள், தண்டனையாகவும் பறிக்காதீர்கள். பின்லாந்துப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடத்துக்குப் பிறகு 15 நிமிட இடைவேளை என்பது வழக்கம். படிப்பில் அவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அட்டையில் எரிமலை செய்து கொண்டுவா என்று பள்ளி சொன்னால், ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா ஒட்டுகிறார், அம்மா வண்ணம் பூசுகிறார், பிள்ளை தூங்குகிறது. கண்காட்சியில் பரிசு வாங்குவது யாருடைய எரிமலை என்று ஆசிரியருக்கும் தெரியும். கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததையே அனுப்புங்கள். ஆசிரியர்களே, வீட்டில் பெரியவர்கள் இல்லாமல் முடியாத வேலையைக் கொடுக்காதீர்கள். செய்வதெல்லாம் வகுப்பிலேயே நடக்கட்டும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பசை, ஒரே கத்தரிக்கோல்.

அப்புறம் அந்த நித்தியக் கேள்வி. "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" "ஒன்னுமில்ல." பிள்ளை மறைக்கவில்லை. ஆறு மணி நேரத்தைச் சுருக்கிச் சொல்லும் வித்தை அந்த வயதில் வராது. குறிப்பாகக் கேட்டால் கொட்டும். குறிப்பாகக் கேட்க உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அங்கேதான் பள்ளிகள் சொதப்புகின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம், இந்த வாரம் இன்னின்ன செய்தோம் என்று இருபது படங்களோடு செய்தி வருகிறது. எல்லாம் முடிந்த பிறகு வந்து என்ன பயன்?

அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றுங்கள் என்று இந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்கிறேன். படம் வேண்டாம், நாலு வரி போதும். இப்படி இருக்கலாம்: "இரண்டாம் வகுப்பு. இந்த வாரம் குச்சிக் கட்டுகளை வைத்துக் கழித்தல் பழகுகிறோம். வீட்டில் வேறு முறை சொல்லித்தர வேண்டாம், வெள்ளி வரை பொறுங்கள். கதையில் சிறுவன் ஆற்றைக் கடக்க வேண்டும், எப்படிக் கடப்பான் என்று தினமும் கேளுங்கள். பயறு எது உயரமாக வளரும் என்று உங்கள் பிள்ளை பந்தயம் கட்டியிருக்கிறது; விடை தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள்."

இனி நீங்கள் கேட்கலாம். பின்வரிசையில் ஓர் அம்மா வெகு நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குவோம்.